பாட்டில் வந்த அண்ணன் பொண்டாட்டி

வெங்கடாசலத்தைப் பந்தலில் கிடத்தி மாலை போட்டிருந்த நேரத்தில்தான் அவர் மகள் நிர்மலா பாலக்கோட்டிலிருந்து வந்து இறங்கினாள். தெருமுனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டு, "என்னப் பெத்த அப்பா" என்று ஓடிவந்தாள். உட்கார்ந்திருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு வட்டம் கூடியதும் நிர்மலா ஒப்பாரி எடுத்தாள்.

வெங்கடாசலம் என் வீட்டுக்காரரின் அண்ணன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் கையும் காலும் இழுத்துக்கொண்டு படுக்கையில் விழுந்ததும், மகன் நவநீதன் ஓசூர் வேலையை விட்டுவிட்டு மனைவி பிரியதர்ஷினியோடு ஊருக்கே வந்துவிட்டான். அவன் அரூரில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை வைத்தான். அவள் அங்கேயே ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். மாமனாருக்குக் கஞ்சி ஊட்டியது, துணி மாற்றியது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் அவள்தான். ஊருக்கே தெரியும்.

அன்றைக்கும் அவள் சும்மா நிற்கவில்லை. அழுகிற பெண்களுக்கு உடம்பில் தண்ணீர் வற்றிப்போகும் என்று உப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கொடுத்து வந்தாள். நிர்மலாவின் எதிரில் வந்து சொம்பை நீட்டினாள். நிர்மலா வாங்கவில்லை. சொம்பைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், மார்பில் அடித்துக்கொண்டே அடுத்த அடிக்குப் போனாள்.

தீர்த்தமல ஏறி வந்தேன் – என்னப் பெத்த அப்பா
தீராத தாகத்தோட
வாசலுல நின்னு நானும் – என்னப் பெத்த அப்பா
வாய் நனைய தண்ணி கேட்டேன்
ஓட்டக் கொடம் எடுத்து – எங்கண்ணன் பொண்டாட்டி
ஓரமா நின்னு ஊத்த
ஏந்துன கை நனையலியே – என்னப் பெத்த அப்பா
எந்தாகம் தீரலியே!

வட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் உடைந்து அழுதார்கள். பிரியதர்ஷினி மட்டும் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். எடுக்கிறவரைக்கும் அவள் வெளியே வரவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்தாள். உட்காரவில்லை.

"சின்னத்தை, நிர்மலா அண்ணிக்கு நான் தண்ணி குடுக்கலியா?"

"எப்பம்மா?"

"எப்பவாவது. அவங்க இந்த வூட்டுக்கு வந்தப்ப எப்பவாவது நான் தண்ணி குடுக்காம இருந்திருக்கேனா? ஃபில்டர் தண்ணிதானே குடுப்பேன்? பிள்ளைங்களுக்குன்னா காய்ச்சி ஆறவெச்சுக் குடுப்பேனே?"

"பாட்டுல வந்துச்சே, அதக் கேக்குறியா?"

"வேற எத?"

"அது ஒப்பாரிம்மா. ஒப்பாரின்னா அப்படித்தான் வரும். பொறந்த வூட்டுக்கு வர்ற பொண்ணு அண்ணன் பொண்டாட்டிய இழுக்காம பாடுவாளா? எங்கம்மா செத்தப்ப நானும்தான் பாடினேன்."

"உங்க அண்ணன் பொண்டாட்டியயா? எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா. கதவச் சாத்தினா, கஞ்சிக்கு உப்பில்லன்னா, என்னென்னமோ பாடினேன்."

"அவங்க ஒண்ணும் சொல்லலியா?"

"அவ எங்க சொன்னா? பக்கத்துல உக்காந்து நான் மூக்கு சிந்த முந்தானைய நீட்டிக்கிட்டு இருந்தா."

அவள் என்னையே பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

"சரி, இதச் சொல்லு," என்றேன். "நிர்மலாவுக்கு அண்ணன் ஏது? நவநீதன் அவளுக்குத் தம்பி. பாட்டுல வந்தது அண்ணன் பொண்டாட்டி. நீ எப்படி அதுல வருவே?"

"தம்பி பொண்டாட்டின்னு போட்டா ராகம் இடிக்கும், மாத்திக்கிட்டாங்க. எனக்கு அந்தளவுக்குத் தமிழ் தெரியும் சின்னத்தை. ஸ்கூல்ல கன்னடம் படிச்சா ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அவங்க என் முகத்தப் பாத்துப் பாடினாங்க. நான் கையில சொம்போட நிக்கிறேன். அவங்க வாங்கவே இல்ல."

அவள் சொன்னதும் நடந்ததுதான்.

"எங்க சைடுல யாராவது எறந்தா ஃப்ரீசர் பாக்ஸ் பக்கத்துல சத்தமில்லாம உக்காந்திருப்பாங்க. இப்படி யாரும் ரிப்போர்ட் வாசிக்க மாட்டாங்க. எங்க லேப்ல சர்க்கரை இருநூறுன்னு எழுதினா இருநூறுதான். 'உவமைக்கு எழுதினேன், நெசத்துல நூறுதான்'னு பேஷண்ட்கிட்ட சொல்ல முடியுமா?"

"ஒப்பாரியும் ரத்த டெஸ்டும் ஒண்ணாடி?"

"யாரோ வீடியோ எடுத்து சொந்தக்காரங்க குரூப்ல போட்டு, அது எல்லாப் பக்கமும் போயிடுச்சு. எங்கம்மா போன் பண்ணுது. 'ஏண்டி, உன் நாத்தனாருக்குத் தண்ணிகூடவா ஊத்தல? நாங்க உன்ன அப்படியா வளத்தோம்?'ங்குது. லேப்ல வீரமணின்னு ஒருத்தன், 'மேடம், கேன் ஏதும் ஓட்டையா?'ன்னு சிரிக்கிறான். மாமாவ நான் பாத்துக்கிட்டது எந்த வீடியோலயும் இல்ல. ஓட்டைக் குடம் மட்டும் இருக்கு."

முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"காரியத்துக்கு நான் நிக்க மாட்டேன். வெளக்கேத்தி படையல் வைக்க மருமகதான் வேணும்னா, தண்ணி ஊத்துற நல்ல மருமகளா பாத்துக்கட்டும். காரியம் முடிஞ்சதும் வூட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் ஓசூருக்கே போயிடலாம்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். மாமாவுக்காகத்தானே வந்தோம்?"

நவநீதன் நல்ல பையன்தான். ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் கை வைத்தால் கெடுத்துவிடுவான். அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறான்.

"அக்கா, ஏன் அப்படிப் பாடின?"

"எப்படிடா பாடினேன்?"

"அதான், தண்ணி ஊத்தலன்னு. பிரியா ரொம்ப வருத்தப்படுறா."

"அப்பன் செத்ததுக்கு நான் அழுதது உன் பொண்டாட்டிக்குப் புடிக்கலயா? இனிமே கேட்டுட்டு அழுவறேன்," என்று நிர்மலா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் என்னிடம் வந்து சொன்னான். "சின்னம்மா, இதுவும் வம்பாப் போச்சு."

"உன்ன யாரு பேசச் சொன்னது?"

"பேசாம இருந்தா பிரியா கோவிச்சுக்கிறா. பேசினா அக்கா கோவிச்சுக்குது. ரெண்டு பக்கமும் நான்தான் ஓட்டைக் குடம்."

"நீ ஒருத்தன் அதச் சொல்லாத," என்றேன்.

அந்த வாரத்திலேயே எங்கள் எதிர்வீட்டுக் கிருஷ்ணப்பன் இறந்துபோனார். நிறைந்த வயசு. காலையில் மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டவர், திரும்பி வந்து கட்டிலில் படுத்தார், அவ்வளவுதான். அவருக்கு ஒரே மகள், நஞ்சம்மாள். முன்னாலும் பின்னாலும் வேறு பிள்ளை இல்லை. மாப்பிள்ளையை வீட்டோடு கூட்டிவந்து வைத்திருந்தார். நஞ்சம்மாள் பிறந்ததும் வளர்ந்ததும் பிள்ளை பெற்றதும் அந்த ஒரே வீட்டில்தான்.

எங்களுக்குச் சாவுத் தீட்டு இருந்ததால் நானும் பிரியதர்ஷினியும் எங்கள் கேட்டோரம் நின்றே பார்த்தோம். அவள் லேப்புக்குக் கிளம்பி, பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எதிர்ப் பந்தலில் வட்டம் கூடியது. நஞ்சம்மாள் எடுத்தாள். அவளுக்குக் குரல் கட்டையானது, ஆனால் தெருக்கோடி வரை கேட்கும்.

முதலில் அப்பனின் வேட்டி வெள்ளை, மீசை அழகு, மாடு கட்டித் தண்ணீர் இறைக்க அவர் ஓட்டின கபிலை என்று போனது. பிறகு நானே எதிர்பார்க்காத இடத்தில் திரும்பியது.

பட்டு கட்டி வந்தேனே – என்னப் பெத்த அப்பா
பாத தூரம் நடந்து வந்தேன்
பந்தலுக்கு வரும்முன்ன – எங்கண்ணன் பொண்டாட்டி
படலையும் சாத்தினாளே!

பிரியதர்ஷினி பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"சின்னத்தை, நஞ்சம்மாக்காவுக்கு அண்ணன் இருக்காரா?"

"அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. ஒத்தப் பொண்ணு."

"பெரியப்பா மகன், சித்தப்பா மகன்?"

"கிருஷ்ணப்பனும் ஒத்த ஆளுதான்."

"அப்ப படலைச் சாத்தினது யாரு?"

"யாரும் சாத்தல. அந்த வூட்டுக்குப் படலே கெடையாது. இரும்பு கேட்டு. நீயே பாக்குறியே."

"நடந்து வேற வந்தேன்னு பாடுறாங்க. எங்கிருந்து நடந்தாங்க? அவங்க இருக்கிறதே அங்கதானே?"

"சமையல்கட்டுல இருந்து வாசலுக்கு நடந்திருப்பா."

அவள் சிரிக்கவில்லை. நஞ்சம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லாத அண்ணி சாத்தாத படலைப் பிடித்துக்கொண்டு நஞ்சம்மாள் கதறுகிற கதறலில், பாடை கட்டிக்கொண்டிருந்த ஆண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தார்கள். "யாருடா அந்த அண்ணன் பொண்டாட்டி?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"எங்க லேப் பஸ் போயிடுச்சு," என்றாள் பிரியதர்ஷினி. ஆனாலும் நகரவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்து முடிந்த பிறகு, நஞ்சம்மாள் மாட்டுக்கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்தாள். பிரியதர்ஷினி தீட்டையும் பார்க்காமல் நேராக அங்கேயே போய்விட்டாள். எனக்குப் பதற்றம். துக்க வீட்டில் என்ன கேட்டுவைப்பாளோ என்று நானும் பின்னால் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அன்னைக்குப் பாடினீங்களே, அண்ணன் பொண்டாட்டி படலச் சாத்தினான்னு. அது யாரு?"

நஞ்சம்மாள் கூடையை இறக்கினாள். "எவ?"

"அண்ணன் பொண்டாட்டி."

"எனக்கு ஏதும்மா அண்ணன்?"

"அதான் கேக்குறேன். பாட்டுல வந்தாங்க."

"வந்தாளா?" நஞ்சம்மாள் யோசித்தாள். "வந்திருப்பா. அவ வராம எப்படி? எங்கம்மா பாடினப்பவும் வந்தா, எங்க ஆயா பாடினப்பவும் வந்தா."

"அப்ப பொய்தானே அது?"

நஞ்சம்மாளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "பொய்யா? நான் அழுதது பொய்யா?"

"அய்யோ, அது இல்லக்கா. அழுதது நெசம். படலு?"

"எங்கப்பன் காலைல இருந்தாரு, மத்தியானம் இல்ல. அத எப்படிச் சொல்றது? 'காலைல இருந்தாரு, மத்தியானம் இல்ல'ன்னு சொன்னா வந்தவளுங்க, 'ஆமா, வயசாயிடுச்சு'ன்னு எழுந்து போயிடுவாளுங்க. எவளோ ஒருத்தி எம்மூஞ்சில கதவச் சாத்தின மாதிரி இருந்துச்சு எனக்கு. எவளோன்னா எவளோ. எமனத் திட்டினா அவன் காதுல விழுவுதா? ஒருத்திய நிக்கவெச்சுத் திட்டினாத்தான் வாய் வருது."

பிரியதர்ஷினி கூடையைப் பார்த்தாள். பிறகு, "சாணிக்கூடை கனமா இருக்கா, ஒரு கை புடிக்கட்டுமா?" என்றாள்.

"லேப்புக்குப் போற பொண்ணு, கையக் கெடுத்துக்காத. போ."

திரும்பி வரும்போது என்னைப் பார்த்துவிட்டாள். "ஒட்டுக் கேட்டீங்களா?"

"வேப்பங்கொட்டை பொறுக்க வந்தேன்."

"இந்த மாசத்துல ஏது வேப்பங்கொட்டை?" என்றாள். கொஞ்சம் நடந்துவிட்டு நின்றாள். "நஞ்சம்மாக்கா எதிர்ல யாரும் சொம்போட நிக்கல சின்னத்தை. என்னப் பாத்துத்தான் அண்ணி பாடினாங்க. அது மட்டும் எனக்கு இன்னும் வெளங்கல."

"அவளையே கேளு."

"கேப்பேன்."

காரியத்துக்கு முந்தின நாள் நிர்மலா வந்தாள். நான் வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பையோடு வந்தவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். அந்த வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாள் வெளியிலிருந்தே கைவிட்டு எடுக்கிற மாதிரிதான் இருக்கும். சின்ன வயசிலிருந்து அவள் அப்படித்தான் திறந்துகொண்டு, "அப்பா" என்று கூப்பிட்டபடி நேரே உள்ளே போவாள். அன்று தூணில் இருந்த மணியை அழுத்திவிட்டு, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் மாதிரி நின்றாள்.

பிரியதர்ஷினி வந்து திறந்தாள்.

"வாங்க அண்ணி."

"ம்."

உள்ளே போனார்கள். நானும் பூண்டை எடுத்துக்கொண்டு போனேன். யாராவது ஒருத்தர் நடுவில் இருக்கட்டும் என்றுதான். நவநீதன் சாமான் வாங்க அரூர் போயிருந்தான். அதுவும் நல்லதுக்குத்தான்.

பிரியதர்ஷினி தண்ணீர் கொண்டுவந்தாள். அதே சொம்பு. நீட்டவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, இதக் குடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்."

"கேட்டுட்டுத்தான் தண்ணியா?"

"அன்னைக்கு என் மூஞ்சியப் பாத்துத்தானே பாடினீங்க?"

"ஆமா," என்றாள் நிர்மலா.

நான் பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பாக்காம எப்படி?" என்றாள் நிர்மலா. "நீதான் எதிர்ல சொம்ப நீட்டிக்கிட்டு நின்ன. தண்ணின்னு வாயில வந்ததே உன் சொம்பப் பாத்துத்தான். நீ வெத்தலத் தட்டோட நின்னிருந்தா வெத்தலன்னு வந்திருக்கும்."

"அப்ப ஏன் வாங்கல?"

"பாட்டு நடுவுல எப்படி வாங்குறது? கை மார்ல அடிச்சிக்கிட்டு இருக்கு. வட்டத்துல ரெண்டு பேரு எந்தோளப் புடிச்சிருக்காங்க. நடுவுல நிறுத்தி மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு, 'எங்க விட்டேன்?'னு கேட்டு மறுபடி அழுவச் சொல்றியா?"

பிரியதர்ஷினிக்கு உதடு லேசாக அசைந்தது. ஆனால் விடவில்லை. "ஊர்ல எல்லாரும் என்னப் பாத்தாங்க."

"ஊர்ல எவளாச்சும் உன்ன ஒரு வார்த்தை கேட்டாளா? சின்னம்மா, நீங்க சொல்லுங்க. எவளாச்சும் கேட்டாளா?"

"ஒருத்தியும் கேக்கல," என்றேன். "நிர்மலா நல்லா எடுத்தான்னுதான் சொன்னாங்க."

"எங்கம்மா கேட்டாங்க," என்றாள் பிரியதர்ஷினி.

"உங்கம்மாகிட்ட நான் பேசறேன். எங்கப்பன நீ பாத்துக்கிட்ட மாதிரி நான்கூடப் பாத்திருக்க மாட்டேன்னு சொல்றேன். போனப் போடு."

"அது அப்புறம். அண்ணி, நஞ்சம்மாக்காவும் பாடினாங்க. அவங்களுக்கு அண்ணனே இல்ல. எவளோன்னா எவளோன்னாங்க. அது புரிஞ்சுது. ஆனா நீங்க பாடினது எவளோ இல்ல. நீங்க என்னமோ நெனச்சீங்க. என்ன நெனச்சீங்க? சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

நிர்மலா பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள்.

"இப்ப வெளிய நின்னு மணி அடிச்சேனே, கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"எப்பவாவது அடிச்சிருக்கேனா?"

"இல்ல."

"அப்பா இருந்தவரைக்கும் இது அப்பா வூடு. அன்னைக்குப் பந்தலுக்குள்ள வந்தேன், அவரு கெடக்குறாரு. தலையத் தூக்கினா நீ நிக்கிற, தண்ணியோட. விருந்தாளிக்குக் குடுக்குற மாதிரி. இனிமே எனக்கு இந்த வூட்டுல தண்ணின்னா நீ குடுத்தாத்தான் உண்டுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. நீ நல்லவதான். நல்லவ குடுத்தாலும் குடுக்குறதுதானே? நானா மொண்டு குடிக்கிறது இல்லியே. அது கையில நிக்காம ஒழுவிடும்னு பயம். அதத்தான் பாடினேன் போல. அப்ப இதெல்லாம் யோசிக்கல. வாய்ல கொடமா வந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் நவநீதன் போன் பண்ணி, ஏன் அப்படிப் பாடினன்னு கேட்டான். சரி, கொடம் ஒழுவ ஆரம்பிச்சிடுச்சின்னு நெனச்சேன்."

தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

பிரியதர்ஷினி சொம்பை நிர்மலாவிடம் கொடுக்கவில்லை. சமையலறைக்குள் போய்க் குடத்தில் திருப்பி ஊற்றிவிட்டு, வெறும் சொம்பைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

"கொடம் எடத்துலயே இருக்கு. நீங்களே மொண்டுக்கோங்க."

நிர்மலா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். மொண்டு குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தே குரல் வந்தது: "அரிசி எங்க வெச்சிருக்க? நாளைக்கு எத்தன பேருக்கு ஊறப்போடணும்?"

"அதுக்குள்ள அதிகாரம் பண்ண வந்துட்டாங்க," என்று பிரியதர்ஷினி என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

காரியத்தில் அவள்தான் விளக்கேற்றினாள். வெங்கடாசலத்துக்குப் பிடித்த அவரைக்காய்க் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று நிர்மலாவும், இல்லை சரிதான் என்று அவளும் படையல் போடுகிறவரை பேசிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஓசூரிலிருந்து அவள் அம்மா போன் செய்தார்.

"அது பாட்டும்மா," என்றாள் பிரியதர்ஷினி. "பாட்டுல ஒரு அண்ணன் பொண்டாட்டி வருவா. அவ நான் இல்ல. இல்லம்மா, யாருமே இல்ல. இங்க எல்லார் பாட்டுலயும் வருவா... ஆமா, கொஞ்சம் நானும்தான்."

"அதெல்லாம் இருக்கட்டும், தண்ணி குடுத்தியா இல்லியா?" என்று அந்த அம்மாள் கேட்டது எனக்கே கேட்டது.

"குடுக்கல. அவங்களே எடுத்துக் குடிச்சிட்டாங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் நிர்மலா பாலக்கோட்டுக்குக் கிளம்பினாள். வீட்டைப் பூட்டுகிற பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. நவநீதன் மட்டும் என்னிடம் வந்து, "ஓசூர் போறதா இல்லியா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா சின்னம்மா," என்றான்.

"நீ கேக்காத," என்றேன்.

கேட்டு வரைக்கும் பிரியதர்ஷினி கூட வந்தாள். கட்டைப்பை நிறைய என்னென்னமோ கட்டிக் கொடுத்திருந்தாள். நிர்மலா தெருவில் இறங்கி, "வரேன்" என்றாள்.

"வாங்க. ஆனா அண்ணி, இன்னொரு தடவ மணி அடிச்சீங்க..."

"அடிச்சா?"

"ஓட்டைக் கொடத்தத்தான் எடுத்துக்கிட்டு வருவேன்."

நிர்மலா கேட்டைச் சாத்தினாள். கம்பிக்கு நடுவில் கையை விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டாள். ஒரு தடவை திறந்து பார்த்தாள். மறுபடி போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.